அக்கா சுற்றிய ஏரியல்

மெல்லிய செப்புக் கம்பியின் நுனியைத் தீக்குச்சியில் சுட்டால், மேலே பூசியிருக்கும் வார்னிஷ் முதலில் கொப்பளித்து, பிறகு கறுத்து, மூக்குக்குள் காரமாக ஒரு வாடை ஏறும். இறால் ஓட்டை அடுப்பில் போட்டதுபோல இருக்கும் அது. எங்காவது அந்த வாடை வந்தால் எனக்கு அப்பாவின்மேல் கோபம் வந்துவிடும். செத்துப்போனவர்கள்மேல் கோபத்தைச் சுமந்துகொண்டு திரியாதே என்று கோயிலில் பாதர் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். அதை யாராவது நடந்தபடியே எழுதி வைக்க வேண்டும் என்று இந்த வருஷம் எனக்குத் தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லுக்குட்டுக்கு உள்ளே, போர்ட்டிக்சன் போகும் பெரிய சடக்கிலிருந்து பிரிந்து, செம்மண் பாதையில் கொஞ்சதூரம் போனால் எங்கள் ரப்பர்த் தோட்டம் வரும். அம்மா பால் எடுக்கப் பால்மரம் வெட்டினாள். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் அவரை "லாரிக்கார அந்தோணி" என்றால்தான் தெரியும். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். மூத்தவள் பிலோமினா அக்கா, அடுத்தவள் நான், கடைசியில் தம்பி ஜெரோம். நான் சொல்லப்போகிற நாளில் அக்காவுக்குக் கல்யாண வயது, நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், ஜெரோம் இன்னும் அம்மா இடுப்பிலிருந்து முழுசாக இறங்காத பிள்ளை.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டீரியோ இருந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் ஆணியில் மாட்டுகிற சின்ன டிரான்சிஸ்டர்தான். இது தோட்டத்துச் சின்ன துரை வேலையை விட்டுப் போனபோது, அவருடைய சாமான்களைக் கோலாலம்பூர்வரை ஏற்றிப்போன அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வெள்ளி முகப்பும், இரண்டு பக்கமும் மரப்பலகையும், உருட்டினால் எண்ணெய் போட்டதுபோல நகரும் பெரிய குமிழும், சுவிட்சைத் தட்டியதும் எண்கள் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் எரியும் நீல வெளிச்சமுமாக, அது அந்த வீட்டின் சிமெண்டுத் தரைக்கும் தகரக் கூரைக்கும் கொஞ்சமும் ஒட்டாமல் ஒரு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அதை அப்பா மட்டும்தான் தொடலாம். அம்மா தூசி தட்டுவதற்கும் அவர் இருக்கும்போதுதான் தட்ட வேண்டும். நாங்கள் பக்கத்தில் போனாலே "கைய வெக்காத" என்று குரல் வரும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் காட்டுகிற முதல் பொருள் அதுதான், எங்களைக் காட்டுவது அதற்கப்புறம்தான்.

அந்தப் பெட்டியின் முதுகில், ஒரு கீலில் மாட்டி, சாண் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு குச்சி இருந்தது. பார்ப்பதற்குச் சிலேட்டுக்குச்சிபோல இருக்கும், ஆனால் விரல் பருமன். அதன் ஒரு பக்கத்தில் முடிபோன்ற கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். ஏஎம் ஒலிபரப்பை இழுப்பது அதுதான். எங்கள் பள்ளத்தில் எஃப்எம் ஒழுங்காக எடுக்காது, இரைச்சலோடு மலாய்ப் பாட்டு ஒன்று வந்து வந்து போகும். தமிழ் வேண்டுமென்றால் ஏஎம்மில்தான் கேட்க வேண்டும். மாலையில் அப்பா குளித்துவிட்டு வந்து அந்தக் குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பி, முகப்பில் இருக்கும் சின்ன ஊசி வலதுபக்கம் சாய்ந்ததும், "வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருவார்.

அக்கா செனாவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்தாள். விடிவதற்கு முன்னால் ஃபேக்டரி பஸ் தோட்டத்து முனையில் வந்து நிற்கும். நீலச்சட்டை போட்ட பெண்பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு ஏறிக்கொள்வார்கள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் மட்டும் கேட்டேன். விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, அரிசி மாதிரி இருக்கும் கறுப்புத் துண்டுகளில் நாள் முழுக்கக் கம்பி சுற்றுகிறேன் என்றாள். ரேடியோவுக்கும் டிவிக்கும் போகிறதாம், எந்த ஊருக்கென்று அவளுக்கும் தெரியாது. ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் சரிபார்க்கிற மேசைக்காரி திருப்பி எறிந்துவிடுவாளாம். ஆக, உலகத்து ரேடியோக்களுக்கெல்லாம் சுருள் சுற்றிக் கொடுத்தவள், எங்கள் வீட்டு ரேடியோவின் குமிழைத் தொடக்கூடாது. இது அப்போது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. இப்போதும் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவளுக்குக் குரல் இருந்தது. லுக்குட்டில் இருந்த சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அவள் திருவிருந்துப் பாட்டை எடுத்தால், பின்வரிசையில் தூங்குகிற கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஃபேக்டரித் தோழிகள் சேர்ந்து அவளை உசுப்பேற்றி, தமிழ் வானொலியில் புதுப் பாடகர்களுக்கென்று இருந்த நிகழ்ச்சியின் குரல் தேர்வுக்கு ஒரு சனிக்கிழமை கோலாலம்பூருக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை, எங்கே எடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். எடுத்துவிட்டார்கள். பாட்டைப் பதிவு செய்து, வரும் ஞாயிறு மாலை நான்கு மணி நிகழ்ச்சியில் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அக்கா தரையில் கால் படாமல் நடந்தாள். அவள் முன்பே தன் சம்பளத்தில் சிரம்பானில் ஒரு கேசட் டெக் வாங்கி வந்து, அப்பாவிடம் கெஞ்சி, அந்த ஸ்டீரியோவோடு இணைக்க வைத்திருந்தாள். அப்பா அந்த டெக்கில் தன்னுடைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதில் தன் பாட்டைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் அவள் ஆசை. கேட்பதானால் யார் வீட்டு டிரான்சிஸ்டரிலும் கேட்கலாம், ஆனால் அது காற்றில் வந்து காற்றில் போய்விடும். பிடித்து வைப்பதற்கு எங்கள் லயத்தில் அந்த ஒரு பெட்டிதான் இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது ஒன்று உண்டு என்பார்கள். அங்கே போய்க் கேட்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து வெளியே வந்தோம். கோலா கிளாவாங்கிலிருந்து ஒரு குடும்பம் அக்காவைப் பெண் கேட்டு வந்துபோயிருந்தது. அவர்களுக்கு உறவான ஒரு மனிதர் அன்றைக்குக் கோயிலுக்கு வந்திருந்தார். அவர் அப்பாவைத் தனியாக அழைத்துக் கொஞ்சநேரம் பேசினார். என்ன பேசினார் என்பது பிறகு தெரிந்தது. உங்கள் மகள் பாட்டுக்காரியாகிவிட்டாளாமே, ரேடியோவில் பேர் சொல்லப் போகிறார்களாமே, மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே சொன்ன இந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போனார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேசைக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கறுப்புக் குச்சியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கீல் பிய்ந்து, கம்பி அறுந்து, குச்சி கையோடு வந்தது. அதைத் தரையில் ஓங்கி அடித்தார். பார்த்தால் இரும்புபோல இருந்த அது பீங்கான்போல மூன்று நான்கு துண்டுகளாகச் சிதறியது. ஒரு துண்டு உருண்டு போய் ஜெரோமின் காலடியில் நின்றது.

"இப்ப பாடச் சொல்லு," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அக்காவைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு லுக்குட்டுக்குப் போய்விட்டார்.

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாத விஷயம் இதில் ஒன்று உண்டு. ஆத்திரத்தில் ஒரு மனிதன் கையில் கிடைத்ததை உடைப்பான், சரி. ஆனால் அவர் ஆத்திரத்திலும் கணக்காகத்தான் உடைத்தார். பெட்டியை உடைக்கவில்லை. டெக்கை உடைக்கவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் பத்திரமாக இருந்தது. அவளுடைய பாட்டு வரும் வழியை மட்டும் பிடுங்கி எறிந்தார். அதைப் பிறகு பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

அக்கா அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். ஒட்டிப் பார்த்தாள், சேரவில்லை. சுற்றியிருந்த கம்பி பல இடத்தில் அறுந்து மயிர்க்கற்றைபோலப் பிரிந்து கிடந்தது. கொஞ்சநேரம் பெட்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, அடுத்த வீட்டு முனியம்மா அக்காவிடம் போய், அவர்கள் வீட்டில் இறக்கை உடைந்து கிடக்கிற மேசை விசிறியைக் கேட்டு வாங்கிவரச் சொன்னாள்.

முனியம்மா அக்கா எதற்கென்று கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது அந்தப் பக்கம் கேட்டிருக்கும். லயத்து வீடுகளில் சுவர் கூரைவரைக்கும் போகாது. விசிறியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா திரும்பி வந்தால் முதலில் தெரியட்டும் என்றுதான் உட்கார்ந்தார் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது.

அக்கா விசிறியின் மோட்டாரைப் பிரித்து, அதற்குள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பியை உருவி எடுத்தாள். பாசார்க் கடையிலிருந்து ஆரஞ்சுப் பழம் வந்த மரப்பெட்டி ஒன்று கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது; அதிலிருந்து பலகையைப் பெயர்த்து, அம்மா கத்தியால் வெட்டித்தர, ஆணியடித்து ஒரு சதுரச் சட்டம் செய்தாள். படம் மாட்டுகிற சட்டம்போல இருந்தது, நடுவில் படம்தான் இல்லை. அந்தச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், ஒன்றுக்கொன்று விலகாமல், கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு அது மாயமாகத் தோன்றியது. குச்சி இல்லாவிட்டால் என்ன, கம்பியைப் பெரிய வட்டமாகச் சுற்றினால் அதுவும் இழுக்கும் என்றாள். ஃபேக்டரியில் டெஸ்டிங் பிரிவில் இருந்த சீனத்தி ஒருத்தி சாப்பாட்டு வேளையில் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அம்மா எதிரில் உட்கார்ந்து சட்டத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தாள்.  அம்மாவின் விரல்களில் பால் காய்ந்த கறை எப்போதும்போல இருந்தது.

கம்பியின் இரண்டு நுனியையும் தீக்குச்சியில் சுட்டு, பிளேடால் சுரண்டி, பெட்டியின் பின்னால் அறுந்து தொங்கிய கம்பிகளோடு முறுக்கி, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரை ஒட்டினாள். பிறகு முதன்முறையாக, அப்பா இல்லாத வீட்டில், அந்த ஸ்டீரியோவின் சுவிட்சைத் தட்டினாள். நீல வெளிச்சம் வந்தது. குமிழை உருட்டினாள். தமிழ் வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. ஊசி அசையவில்லை. கம்பி அதிகமாகிவிட்டது என்று சொல்லி, ஒரு சுற்றைப் பிரித்தாள்; கேட்டாள்; இன்னொரு சுற்றைப் பிரித்தாள். ஒவ்வொரு தடவையும் முறுக்கை அவிழ்த்து, நறுக்கி, மறுபடி சுட்டு, சுரண்டி, முறுக்க வேண்டியிருந்தது. வீடு முழுக்க அந்த வாடை. நான் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் மோட்டார்ச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஊசி சாய்ந்தது. அறிவிப்பாளர் எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்று பேசினார்.

ஆனால் சட்டத்தை மேசைமேல் வைத்தால் குரல் மங்கியது. சுவரில் சாய்த்தால் இரைந்தது. ஜன்னலுக்கு நேராக உயர்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால்தான் தெளிவாக வந்தது. ஆணியடித்து மாட்டுவதற்கு நேரமில்லை. "நான் பிடிக்கிறேன்," என்று அம்மா எழுந்து நின்று, சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டு பேர் பாடிய பிறகு, அக்காவின் பெயரையும் எங்கள் தோட்டத்தின் பெயரையும் சொன்னார்கள். அக்கா டெக்கின் பொத்தானை அமுக்கிவிட்டு, கையை எடுக்காமல், அப்படியே குனிந்து நின்றாள். முனியம்மா அக்காவோடு இன்னும் சில பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். பாட்டு வந்தது. அவள் குரல்தான், ஆனால் எங்கள் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. பின்னால் வயலினும் தபேலாவும் வாசிக்க, பெரிய இடத்தில், பயமில்லாமல் பாடுகிற குரல். 

முதல் சரணத்தில் மோட்டார்ச் சத்தம் கேட்டது. முனியம்மா அக்கா படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். உடைத்துப் போட்டது பாடிக்கொண்டிருந்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்? பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கம்பி போன வழியே பார்த்து அம்மாவின் கைக்கு வந்தார்.

"எறக்கு அத."

அம்மா இறக்கவில்லை.

"எறக்குன்னு சொன்னேன்."

"பாட்டு முடியட்டும்," என்றாள் அம்மா.

அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து சமைத்து, "பெரட்டு" என்கிற ஆள்கணக்குக்கு ஓடி, மரம் வெட்டி, பால் வாளிகளைத் தோளில் "காண்டா"க் கம்பில் தூக்கி வந்து, மறுபடியும் சமைத்து, அவர் சொல்கிற எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னவள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, உலையில் அரிசி வேகட்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். கை நடுங்கியது. கை நடுங்க, பாட்டும் கொஞ்சம் நடுங்கியது. அவள் முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு சட்டத்தை நிலைப்படுத்தினாள், பாட்டு மறுபடி தெளிந்தது. அக்கா திரும்பியே பார்க்கவில்லை. அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார். வாசலில் நின்ற பெண்கள் யாரும் நகரவில்லை. அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு வெளியே போய், மோட்டாருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பாட்டு முழுசாகப் பதிவானது. ஆனால் டெக்கில் பதிவானது வானொலியிலிருந்து வந்தது மட்டும்தான், எங்கள் வீட்டுக்குள் பேசியது எதுவும் அதில் விழாது. அம்மா சொன்ன அந்த இரண்டு வார்த்தை எந்த நாடாவிலும் இல்லை. நான் சொன்னால்தான் உண்டு.

அன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சின்னப் பிள்ளை, அப்படித்தான் நினைக்கும். கோலா கிளாவாங் சம்பந்தம் முறிந்துபோனது. அப்பா அம்மாவிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வானொலியிலிருந்து மறுபடியும் பாட வரச்சொல்லி அக்காவைக் கூப்பிட்டார்கள். போனால் ஃபேக்டரி பஸ்ஸிலும் ஏற வேண்டாம், வீட்டோடு கிட என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டோடு கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்; ஜெரோமின் பால்மாவிலிருந்து வீட்டு அரிசிவரை அவள் கைக்காசும் சேர்ந்துதான் ஓடியது. அவள் சம்பளம் வேண்டும், குரல் வேண்டாம். அக்கா வேலையை வைத்துக்கொண்டாள். கோயிலில்கூடப் பிறகு கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொண்டாள். பாதர் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னாள்.

அப்பாவோ, மறுநாள் மாலையே குளித்துவிட்டு வந்து ஸ்டீரியோவைப் போட்டார். சட்டத்தை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்குமேல் ஓர் ஆணியடித்து அதை மாட்டினார். "வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தக் கூச்சமும் இல்லை. புதுக் குச்சி வாங்கிப் போட்டிருக்கலாம், சிரம்பானில் கிடைக்கும். வாங்கவில்லை. அவள் சுற்றிய கம்பி வழியாகத்தான் செய்தி கேட்டார், நாடகம் கேட்டார், மற்றப் பெண்பிள்ளைகள் பாடிய பாட்டையெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார், வருஷக்கணக்காக. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்பார்கள். முதலில் பேசாமல் இருந்தார். பிறகு புன்னகை செய்தார். அப்புறம் ஒருநாள், நான் சமையலறையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது, யாரிடமோ, "நம்ம கைவேலதான்," என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மாவும் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

அக்கா பிறகு ஃபேக்டரி வேன் ஓட்டியவரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர். அந்தக் கேசட்டைக் கூடவே எடுத்துப் போனாள். ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் அதை மலிவான டேப் ஒன்றில் போட, அது நாடாவை இழுத்துச் சுருட்டித் தின்றுவிட்டது. அம்மா இறந்துபோனாள். தோட்டம் கைமாறி, பால் வடிந்த கித்தாமரங்களை விழுத்தி, லயத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். அப்பா ஸ்டீரியோவோடும் சட்டத்தோடும் ரஹாங்கில் ஜெரோம் வீட்டுக்குப் போய், அங்கேயே கடைசிவரை இருந்தார்.

இந்த வருஷம் அப்பாவின் நினைவுப் பூசைக்குப் பிறகு, ஜெரோம் வீட்டில் சாப்பாடு. உள்ளே போனதும் பார்த்தேன். அந்த ஸ்டீரியோ பளபளவென்று கூடத்தில் இருந்தது. லுக்குட்டில் பழைய ரேடியோக்களைச் சரிசெய்கிற ஒருவரிடம் கொடுத்து, எல்லாம் துடைத்து, பின்னால் அசலைப் போலவே ஒரு புதுக் கறுப்புக் குச்சி வரவழைத்துப் போட்டிருந்தான் தம்பி. அதற்குமேல், சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், அக்காவின் சட்டம். கீழே பித்தளைத் தகடு. "அப்பாவின் கைவண்ணம்" என்று பொறித்திருந்தது.

ஜெரோமைக் குறை சொல்ல முடியாது. அவன் அப்போது கைப்பிள்ளை, அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன். அப்பாவின் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர், ஆனால் ஏரியல் உடைந்ததும் மரப்பெட்டியில் தானே ஒன்று செய்துவிட்டார், பெரியத்தை ரேடியோவில் பாடியதை அதில்தான் எல்லாரும் கேட்டோம், தாத்தாதான் அத்தையைப் பாட அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். காட்டுவதற்காகப் பெட்டியையும் போட்டான். நீல வெளிச்சம் வந்தது. ஏஎம்மில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருட்டினான். மழை பெய்கிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. "இப்ப ஏஎம்ல ஒண்ணும் வராதுலா, தமிழெல்லாம் எஃப்எம்முக்குப் போயிருச்சு," என்று சிரித்தான்.

 தட்டை வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"விடுங்கக்கா. பூசை வச்ச நாள்ல... அவரு செத்துப் போயிட்டாரு," என்றான் ஜெரோம்.

செத்துப்போனால் பொய் உண்மையாகிவிடுமா என்று நான் கேட்பதற்குள், மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா பேசினாள். அறுபதைத் தாண்டியவள். அப்பா படுக்கையில் கிடந்தபோது லுக்குட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, மலம் அள்ளிப்போட்டுப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அவர்மேல் ஒரு குறைகூட அவள் சொல்லி நான் கேட்டதில்லை, அதனாலேயே பலமுறை அவள்மேலும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது.

"அது நான் சுத்துனது, ஜெரோம்," என்றாள். "அப்பா ஒடச்சாரு. நான் சுத்துனேன். அம்மா தூக்கிப் பிடிச்சாங்க."

ஜெரோம் அவளையே பார்த்தான். "இவ்ளோ வருசமா ஏங்க்கா சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

 ஜெரோமின் மனைவி எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். கொஞ்சநேரம் கழித்து ஜெரோம் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து, கண்ணாடிப் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, தகட்டைக் கழற்றினான். முகம் கறுத்திருந்தது. புதுத் தகடு செய்து போடுகிறேன் என்றான். அக்கா வேண்டாம் என்றாள். சட்டத்தைக் கேட்டு வாங்கி, ஒரு துண்டில் சுற்றிக்கொண்டாள்.

நான்தான் அவளைக் காரில் லுக்குட்டில் கொண்டுபோய் விட்டேன். எங்கள் தோட்டம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கித்தாமரமும் லயமும் கோழிக்கூடும் செம்மண் பாதையும் இருந்த இடத்தில் இப்போது மதில் கட்டி, வாசலில் காவல்காரன் உட்கார்ந்திருக்கும் தாமான் குடியிருப்பு. உள்ளே ஒரேமாதிரி மாடிவீடுகள். பெரட்டுக் களம் எந்த இடம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நிகழ்ச்சி இல்லை. அதைச் சுமந்துவந்த அலைவரிசையில் இரைச்சல் மட்டும் இருக்கிறது. அக்காவின் குரல் இருந்த ஒரே நாடா இல்லை. அம்மா இல்லை.

அந்தப் பாட்டை ஒரு தடவை பாடேன் என்று கேட்டேன். அவள் வெளியே பார்க்காமல், மடியில் சட்டத்தை வைத்து, விளிம்பில் தளர்ந்திருந்த கம்பியை நகத்தால் நெருக்கிக்கொண்டிருந்தாள்.

"தொண்ட போயிருச்சு ரெஜி," என்றாள். "வேற பாட்டா இருந்தாலும் பரவால்ல. அந்தப் பாட்டு இனிமே வராது."

சொல்லும்போதும் அவள் குரலில் கோபம் இல்லை. அவளுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நான் கோபப்படுகிறேன். இனியும் படுவேன்.